பாண்டிக் கட்டத்தில் ஏழிசை

நுழையும்முன்

கேட்ட பாடலைத் திரும்பப் பாடுவோர் பலர். எழுதி வைத்த இசையைக் கண்ட அளவில் படித்துப் பாடுவோர் சிலரே. மொழியைப் படிக்கக் கற்றுத்தருவது போல இசையையும் படிக்கக் கற்றுத்தர இயலுமா? அதற்குப் பல்லாங்குழியும் பாண்டியும் எவ்வாறு துணைநிற்கும் என்பதை ஆராய்கிறது இவ்வுரைநடை.

தறியும் கட்டத்தாளும்

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டையின் தெருக்களில் நடப்போர் செவியில் முதலில் விழுவது தறியோசை. பட்டுச்சேலையின் கரையில் அன்னமோ மயிலோ அமைய வேண்டுமெனில், அது முதலில் நூலில் பிறப்பதில்லை, கட்டத்தாளில் பிறக்கிறது. தாளின் நெடுக்குக் கட்டங்கள் பாவு இழைகளைக் குறிக்கும். குறுக்கு வரிசை ஒவ்வொன்றும் ஊடை ஒருமுறை ஓடுவதைக் குறிக்கும். அத்தாளைப் பார்த்து வரிசைக்கு ஓர் அட்டையாகத் துளையிடுவர். தறியின் மேலுள்ள ஜக்கார்டு பெட்டியில் அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுழல, துளை உள்ள இடத்தில் இழை எழும். துளை இல்லாத இடத்தில் இழை கீழேயே நிற்கும். பிரெஞ்சு நாட்டின் லியோன் நகரைச் சேர்ந்த ஜோசப் மரி ஜக்கார்டு 1804 ஆம் ஆண்டு உருவாக்கிய பொறி இது.

கட்டத்தாளைப் பார்க்கும் வெளியாருக்குப் புள்ளிகளே தெரியும். பழகியவருக்கோ அதில் அன்னம் தெரியும். எந்த இழை, எந்த ஓட்டத்தில், எத்தனை முறை எழ வேண்டும் என்பதை அவர் படித்துவிடுகிறார். இசையை எழுதும் சுரதாளக் குறிப்பும் இத்தகையதே. எந்தச் சுரம், தாளத்தின் எந்த இடத்தில், எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்னும் மூன்று செய்திகளை அது சொல்கிறது. இரண்டுமே காலத்தைக் கட்டங்களாக வெட்டி எழுதுபவை.

காஞ்சிப் பகுதியின் தறிகளில் இன்னொரு வரலாறும் உண்டு. உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் அமையும் கோர்வைச் சேலையை நெய்ய, மறுபக்க நாடாவைத் தள்ள ஓர் உதவியாள் தேவை. அந்த இடத்தில் சிறுவர்கள் அமர்ந்திருந்த காலம் ஒன்று இருந்தது. வரிசையை எண்ணவும் நினைவில் வைக்கவும் அவர்கள் கற்றார்கள். ஆயின் அக்கல்விக்கு விலையாக விளையாட்டையும் பள்ளியையும் இழந்தார்கள். எண்ணிக்கையும் ஒழுங்கும் உழைப்பினால் மட்டும் வருவன அல்ல. அவை விளையாட்டிலும் வரும். அங்கே இன்னும் விரைந்து வரும்.

மனப்பாடமும் படிப்பும்

கருநாடக இசை பயிலும் குழந்தை சரளி வரிசையில் தொடங்கி, ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, அலங்காரம், கீதம் எனப் படிப்படியாக முன்னேறும். பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த புரந்தரதாசர் இம்முறையை வகுத்தார் என்பது மரபு. ஆசிரியர் ஒருமுறை பாட, மாணவர் மும்முறை பாடுவார். குறிப்பேட்டில் சுரங்கள் எழுதப்பட்டிருந்தாலும் கண் அதில் பதிவதில்லை; செவி கேட்டதை வாய் திருப்பிச் சொல்கிறது. அலங்காரங்கள் ஏழையும் பிழையின்றிப் பாடும் குழந்தையிடம், இதுவரை கேட்டிராத எட்டு எழுத்துகள் கொண்ட புதிய வரி ஒன்றை எழுதிக் கொடுத்துப் பாடச் சொன்னால் திகைத்து நிற்பதைக் காணலாம். முதல் வகுப்புப் பாடநூலை ஒரு சொல்லும் விடாது ஒப்பித்துவிட்டு, எதிரேயுள்ள கடையின் பெயர்ப்பலகையைப் படிக்க இயலாத குழந்தையின் நிலை அது.

இதற்கு மாணவரின் சோம்பல் காரணமன்று. சுரக்குறிப்பின் அடையாளங்கள் தமிழ்க் குழந்தையைத் தடுமாறச் செய்கின்றன என்பதே உண்மை. இரண்டு சான்றுகள் போதும்.

மொழிப்பாடத்தில் காற்புள்ளியைக் கண்டால் சற்று நிறுத்த வேண்டும். சுரக்குறிப்பில் காற்புள்ளி நிறுத்தத்தைக் குறிப்பதில்லை. முன்வந்த சுரத்தை மேலும் ஓர் அளவு நீட்ட வேண்டும் என்பதே அதன் பொருள். அரைப்புள்ளியோ ஈரளவு நீட்டம். ‘க ,’ என்று எழுதியிருந்தால் காந்தாரம் இரண்டு அளவு ஒலிக்க வேண்டும். மொழி வகுப்பில் நன்றாகப் படிக்கும் குழந்தையே இங்கு மூச்சை நிறுத்திப் பிழை செய்யும் என்பது வேடிக்கையான முரண்.

அடுத்தது புள்ளி. வலிவு மண்டிலத்துச் சுரத்தைக் காட்ட எழுத்தின் மேல் புள்ளி இடுவர். மெலிவு மண்டிலத்திற்குக் கீழே இடுவர். தமிழிலோ மேற்புள்ளி பெற்ற எழுத்து மெய்யெழுத்து. அது உயிரொலியை இழந்து அடங்கும். சகரத்தின் மேல் புள்ளியைக் கண்ட குழந்தை ‘ச்’ என்று வாயை மூடிக்கொள்ளும். உச்சியில் ஓங்கி ஒலிக்க வேண்டிய சட்சம் அந்தக் குழந்தையின் கண்ணுக்கு ஒலியற்ற எழுத்தாகிவிடுகிறது.

இத்தகைய தடைகளை விளக்கவுரையால் நீக்குவது கடினம். ‘காற்புள்ளி என்றால் நீட்டு’ என்று நூறுமுறை சொன்னாலும் நூற்றோராம் முறை மறக்கும். ஆனால் காற்புள்ளியில் நிறுத்தினால் ஆட்டம் போய்விடும் என்றால், இரண்டாம் ஆட்டத்திலேயே நினைவில் நிற்கும்.

ஏழு குழிகள்

பல்லாங்குழிப் பலகையில் ஒரு பக்கத்திற்கு ஏழு குழிகள். சுரங்களும் ஏழு. இப்பொருத்தம் தற்செயலானதே எனினும் ஆசிரியருக்கு மிகவும் உதவக்கூடியது. இடப்பக்கக் குழியிலிருந்து ச, ரி, க, ம, ப, த, நி எனப் பெயரிட்டுக்கொண்டால் பலகையே சுரக்கோவை ஆகிவிடும். குழி எது என்பது சுரத்தைச் சொல்லும். குழியிலுள்ள புளியங்கொட்டைகளின் எண்ணிக்கை அச்சுரம் ஒலிக்க வேண்டிய அளவைச் சொல்லும். ஒரு குழந்தை ‘க ,’ என்று எழுதிய சீட்டை எடுத்தால் மூன்றாம் குழியில் இரண்டு கொட்டைகளை இட வேண்டும். சீட்டைக் காணாத மற்றொரு குழந்தை குழியை மட்டும் பார்த்துப் பாட வேண்டும். பாடியது சீட்டோடு ஒத்தால் கொட்டைகள் பாடியவருக்கு, ஒவ்வாவிடில் இட்டவருக்கு.

இங்கே ஒரு நடைமுறைக் குறிப்பு தேவை. வழக்கமான ஆட்டத்தைப் போல எதிரெதிரே அமர்ந்தால், ஒருவருக்கு இடமாக இருப்பது மற்றவருக்கு வலமாகும். சட்சம் நிடாதமாகத் தோன்றும். ஆகவே தொடக்கத்தில் இருவரும் ஒரே பக்கம் அமர்வது நன்று. தேர்ந்தபின் எதிரெதிரே அமரலாம். அப்போது அத்தலைகீழ்ப் பார்வையே ஒரு கடினமான, சுவையான ஆட்டமாகும்.

வெறுங்குழிக்கும் இவ்வாட்டத்தில் பொருள் உண்டு. நான்காம் குழியையும் ஏழாம் குழியையும் ஒன்றுமின்றி விட்டு, ஏனைய குழிகளை மட்டும் ஏறியும் இறங்கியும் பாடச் செய்தால் மத்திமமும் நிடாதமும் நீங்கிய ஐந்து சுரங்கள் ஒலிக்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் இவ்வைந்தையே கொண்ட மோகன இராகத்தின் வடிவம் இது. ஏழு சுரமும் உடையதைப் பண் என்றும், ஆறு உடையதைப் பண்ணியல் என்றும், ஐந்து உடையதைத் திறம் என்றும், நான்கு உடையதைத் திறத்திறம் என்றும் வகுத்தனர் நம் முன்னோர். இலக்கண நூலில் சொற்களாக நிற்கும் இப்பாகுபாட்டைப் பத்து வயதுக் குழந்தை வெறுங்குழிகளை எண்ணியே சொல்லிவிடும்.

தெரிந்து தெளிவோம்

தமிழர் ஏழிசையைக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என வழங்கினர். சிலப்பதிகார அரங்கேற்று காதையும் அதன் உரைகளும் இவற்றை விரித்துரைக்கின்றன. ஏழிசைக்கும் உரிய எழுத்துகளாக ஆ, ஈ, ஊ, ஏ, ஐ, ஓ, ஔ என்னும் ஏழு நெடில்களைத் திவாகர நிகண்டு குறிப்பிடுகிறது. இசையில் எழுத்துகள் தம் அளவைக் கடந்து ஒலிக்கும் என்பதைத் தொல்காப்பியர் நூன்மரபிலேயே சுட்டியுள்ளார்.

எட்டுக் கட்டங்கள்

பல்லாங்குழிக்கு ஒரு குறை உண்டு. எந்தச் சுரம், எவ்வளவு நேரம் என்பதை அது காட்டும். எப்போது என்பதைக் காட்டாது. அதற்குக் காலால் ஆடும் ஆட்டம் வேண்டும்.

ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம் எட்டு அட்சரங்கள் கொண்டது. ஒரு தட்டும் மூன்று விரல் எண்ணிக்கையுமாக லகுவுக்கு நான்கு. ஒரு தட்டும் ஒரு வீச்சுமாகத் துருதம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு. ஊர்தோறும் வடிவம் மாறினாலும் எட்டுக் கட்டப் பாண்டியை அறியாத தெரு தமிழகத்தில் அரிது. ஒன்றன்பின் ஒன்றாக எட்டுக் கட்டங்கள் வரைந்து, நான்காம் கட்டத்தின் முடிவிலும் ஆறாம் கட்டத்தின் முடிவிலும் ஒரு தடித்த கோடும், எட்டாவதன் முடிவில் இரட்டைக் கோடும் இட்டால் தாளம் தரையில் வந்துவிடும்.

கட்டத்துக்கு ஓர் எழுத்தாகச் சுண்ணக்கட்டியால் எழுதியபின் ஆட்டம் தொடங்கும். ஒற்றைக்காலில் தாவும் குழந்தை, கால் ஊன்றும் கட்டத்தின் சுரத்தைப் பாட வேண்டும். சுற்றி நிற்போர் கையால் தாளம் இடுவர். தாளத்தை விட்டுத் தாவினால் ஆட்டம் போகும். காற்புள்ளி உள்ள கட்டத்திற்கும் கால் நகர வேண்டும். ஆயின் புதிய எழுத்தை ஒலிக்கக் கூடாது, பழைய ஒலியை விடவும் கூடாது. உடல் நகர, குரல் அங்கேயே நிற்கிறது. நீட்டம் என்பதன் முழுப்பொருளும் அந்த ஒரு தாவலில் விளங்கிவிடுகிறது. அரைப்புள்ளிக்கு இரு கட்டங்களை ஒன்றாக்கி வரையலாம்.

மேற்புள்ளி கொண்ட எழுத்துக்குக் கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தித் தாவ வேண்டும். கீழ்ப்புள்ளிக்குக் குனிந்து தரையைத் தொட வேண்டும். ஒற்றைக்காலில் நின்று தரையைத் தொடுவது எளிதன்று. சிரிப்பும் சறுக்கலும் நிறைந்த கட்டம் இது. ஆனால் அதன்பின் எந்தக் குழந்தையும் புள்ளி பெற்ற சகரத்தை மெய்யெழுத்தாகப் படிப்பதில்லை. எழுத்துகளின் மேல் கோடு இட்டால் வேகம் இரட்டிக்கும் என்பதையும், ஒரு கட்டத்துக்குள் இரண்டு எழுத்துகளை எழுதி, ஒரு தட்டுக்குள் இருமுறை குதிக்கச் செய்து உணர்த்தலாம்.

கல்லில் நின்ற கட்டங்கள்

கட்டத்துக்குள் ஓசையை எழுதுவது நமக்குப் புதிதன்று. ஈரோடு மாவட்டத்து அரச்சலூரில், நாகமலையின் குகைத்தளத்தில், தொன்மையான கல்வெட்டு ஒன்று உள்ளது. வரிக்கு ஐந்து எழுத்தாக ஐந்து வரிகளில் ஆடல் தாளத்துக்குரிய ஒலியெழுத்துகள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. இடமிருந்து வலமாகவும், வலமிருந்து இடமாகவும், மேலிருந்து கீழாகவும், கீழிருந்து மேலாகவும் படித்தாலும் அவை மாறுவதில்லை. கற்றறிந்தோர் இதனை இசைக் கல்வெட்டு என்பர். ஒரு குழந்தையின் கண்ணுக்கு அது சொல்விளையாட்டாகத் தோன்றினால் அதிலும் தவறில்லை.

புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலைக் கல்வெட்டு இதனினும் விரிவானது. காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட பல்லவர் காலத்துக் கிரந்த எழுத்தில், ஏறத்தாழ ஏழாம் நூற்றாண்டில், ஏழு பகுதிகளாகச் சுரங்கள் வெட்டப்பட்டுள்ளன. அவை நான்கு நான்காகத் தொகுக்கப்பட்டிருப்பதும், ஒரே சுரம் அ, இ, உ, எ என உயிர்மாற்றம் பெற்று வருவதும் குறிப்பிடத்தக்கவை. உருத்திராசாரியரின் மாணவரான ஓர் அரசர் மாணாக்கர் நலன் கருதி இதனை இயற்றியதாக அக்கல்வெட்டே கூறுகிறது. அவ்வரசர் மகேந்திரவர்மன் எனக் கருதுவோரும் உளர், மறுப்போரும் உளர். மாணாக்கர்க்கென வெட்டிய பாடம் அழியாமல் நிற்கிறது. எழுத்துகள் தெளிவாகத் தெரிகின்றன. எனினும் உயிர்மாற்றத்தையும் சில எழுத்துகளின் மேலுள்ள புள்ளிகளையும் அறிஞர்கள் பலவாறு விளக்குகின்றனர். ஒருவர் பாடுவது போல மற்றவர் பாடுவதில்லை. படிக்கும் முறை ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குக் கைமாறாமல் போனதே காரணம். கல் மிஞ்சியது, அதைப் படிக்கும் பழக்கம் அறுந்தது.

எளிய முதல் வாசகங்கள்

தாவிப் பழகிய குழந்தைக்கு அடுத்துத் தர வேண்டியவை முழுப்பாடல்கள். இங்கு முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுசுரப் பாடல்கள் பெரிதும் பயன்படுகின்றன. 1775 முதல் 1835 வரை வாழ்ந்த அவர் காஞ்சியிலும் சில ஆண்டுகள் தங்கியிருந்தவர். சென்னையை அடுத்த மணலியில் இருந்த காலத்தில் ஆங்கிலேயரின் வாத்தியக் குழு இசையைக் கேட்டு, அம்மெட்டுகளுக்கு வடமொழியில் பாடல் புனைந்தார். ‘நோட்டு’ என்னும் பெயரே ஆங்கிலச் சொல்லின் திரிபு. உலகெங்கும் குழந்தைகள் விண்மீனைப் பாடும் மெட்டு அவருடைய ‘சியாமளே மீனாட்சி’யில் ஒலிக்கிறது.

இப்பாடல்களைத் தொடக்கநிலையில் வைப்பதற்கு மெட்டின் இனிமை மட்டும் காரணமன்று. பிற கீர்த்தனைகளில் எழுதிய சுரத்துக்கும் ஒலிக்கும் சுரத்துக்கும் இடையே கமகம் என்னும் அசைவு உண்டு. நோட்டுசுரத்தில் அசைவுகள் இல்லை, எழுதியவாறே ஒலிக்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தைக்குக் கூட்டெழுத்தில்லாத சிறு சொற்களைத் தருவது போன்றது இது.

தமிழில் தொடக்கப் பாடங்கள் வேண்டும் என்னும் குறையை உணர்ந்தவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர். 1917 இல் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்ட அவர், அதற்கு முன்பே புதிதாகக் கற்போருக்கான தமிழ்ப் பாடல்களைச் சுரக்குறிப்புடன் தொகுத்தளித்தார்.

பிற நாடுகளில்

ஐரோப்பாவில் பதினோராம் நூற்றாண்டுத் துறவி குயிதோ, பத்தாண்டுகள் முயன்றும் முழுமையாகக் கைவராத பாடலை ஓரிரு ஆண்டுகளில் கற்பிக்கலாம் என்று உறுதி கூறினார். கோடுகளின் மீது சுரங்களை நிறுத்தியதே அவர் கண்ட வழி. விரல் கணுக்களைச் சுரங்களின் இடமாகக் கொண்டு கையையே பலகையாக்கும் முறையும் அவர் பெயரால் வழங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் நார்விச் நகரத்து ஆசிரியை சாரா குளோவர், ஏணி போல அடுக்கிய சுரப்பலகையைச் சுட்டிக்காட்டிக் குழந்தைகளைப் பாட வைத்தார். அதனை வளர்த்தெடுத்த ஜான் கர்வென் சுரத்துக்கு ஒரு கைச்சைகை அமைத்தார். அச்சைகைகளை அங்கேரியின் சோல்தான் கோடாய் தம் கல்விமுறையில் ஏற்றார். குழந்தை முதலில் தன் மண்ணின் நாட்டார் பாடலையும் விளையாட்டுப் பாடலையும் பாட வேண்டும். எழுத்து அதன்பின் வர வேண்டும் என்பது அவர் கொள்கை. அங்கேரியக் குழந்தைக்கு அங்கேரிய விளையாட்டு எனில், ஐயம்பேட்டைக் குழந்தைக்குப் பாண்டியே பொருந்தும்.

எழுத்தில் அடங்காதது

இசையை ஏட்டில் கற்பதை ஐயுறும் ஆசிரியர்கள் இன்றும் உள்ளனர். அவர்கள் கூற்றைப் புறந்தள்ள இயலாது. தோடியின் காந்தாரத்தை ‘க’ என்னும் ஓரெழுத்து எவ்வாறு உணர்த்தும்? அது குருவின் குரலிலிருந்து செவிவழியே மட்டும் வருவது. ஆனால் அவர்கள் அஞ்சும் இழப்பை எண்ணியே எழுத்தை நாடியவர்களும் இருந்தனர். சின்னசாமி முதலியார் நம் கீர்த்தனைகளை ஐரோப்பியக் குறிமுறையில் அச்சேற்ற முனைந்தவர். தீட்சிதர் மரபின் பாடல்கள் மறைந்துவிடலாகாது என்று அவர் வற்புறுத்தினார். எட்டயபுரம் அரசர் ஆதரவளிக்க, அம்மரபில் வந்த சுப்பராம தீட்சிதர் 1904 இல் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்னும் நூலைத் தெலுங்கு எழுத்தில் வெளியிட்டார். சுரத்தோடு நில்லாமல் கமக வகைகளுக்கும் தனித்தனிக் குறியீடுகள் அமைத்தது அந்நூலின் தனிச்சிறப்பு. குடும்பத்தின் செவிக்குள் மட்டும் வாழ்ந்த பாடல்கள் பல இன்று மேடையில் ஒலிப்பது அந்நூலால்தான். அவற்றைத் திறந்து படிக்க வல்லவர் இருக்கும் வரையே அவை ஒலிக்கும்.

விளையாட்டுக்கும் எல்லை உண்டு. ஆண்டு முழுதும் தாவிக்கொண்டே இருந்தால் குழந்தை தாவுவதில் தேரும், படிப்பதில் தேராது. எழுதும் பொறுப்பை ஆசிரியர் மாணவரிடம் ஒப்படைப்பதே மாற்றத்துக்கு உரிய தருணம். ஓர் அணி எட்டுக் கட்டங்களில் புதிய வரியை எழுத, மறு அணி அதைக் கேளாமலே பாடித் தாவுகிறது. எழுதியவர் காற்புள்ளியை மறந்தால் தாவுபவரின் தாளம் முட்டும். பிழை தாவியவருடையதா, எழுதியவருடையதா என்று பூசல் எழும். அப்பூசலில் ஒவ்வொருவரும் தரையைச் சுட்டி, எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டித் தம் பக்கத்தை நிறுவ வேண்டியிருக்கிறது. ஆசிரியர் அப்போது குறுக்கிடாமல் இருப்பது நலம்.

மறுநாள் அதே வரி கணக்குப் பாடத்தின் கட்டத்தாளில் ஏறுகிறது. சில வாரங்களில் கட்டங்களும் தேவையற்றுப் போகின்றன. கோடில்லா வெள்ளைத்தாளில் எழுத்துகள் வரிசையாக நிற்க, நான்காம் எழுத்தை அடுத்து ஒரு கோடும், ஆறாம் எழுத்தை அடுத்து ஒரு கோடும், எட்டாவதன் இறுதியில் இரட்டைக் கோடும் மட்டுமே பாண்டிக் கட்டத்திலிருந்து எஞ்சியிருக்கின்றன.